நெம்புகோல் பாடம்

ஏழாம் வகுப்புக்குக் காட்டக் கப்பியை எடுத்தபோது, இரும்பு அலமாரி சாய்ந்து ஆசிரியை பூங்கோதையின் காலை நசுக்கியது. எல்லாச் சோதனைகளையும் திரையில் மட்டுமே செய்து பழகிய பிள்ளைகள் சுற்றி நின்றார்கள்.

"அந்தக் கடப்பாரையை அலமாரிக்கு அடியில கொடுத்து நெம்புங்கம்மா," என்றாள் பூங்கோதை.

"தெரியும் மிஸ். கம்பி நீளமா இருந்தா கம்மி விசை போதும்," என்றாள் ரிஸ்வானா. கீழே கிடந்த கடப்பாரையின் மேல் விரல்நுனியை வைத்து, திரையில் இழுப்பதுபோல் இழுத்தாள். "நகரல மிஸ்."

மீட்பு இயந்திரம் வர நாற்பது நிமிடம் ஆனது. அதற்குள் காலில் உணர்ச்சி போய்விட்டது.

மறுநாள் மருத்துவமனைப் படுக்கைக்கே தேர்வு விடைகள் வந்தன. நெம்புகோல் கேள்விக்கு முப்பது பேரும் பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள். பூங்கோதை எல்லோருக்கும் முழு மதிப்பெண் போட்டாள்.