கறுப்புக்கு ஒட்டிய ஸ்டிக்கர்

பழைய லேப்டாப் விற்கிற கடை அலமாரியில் கறுப்பும் வெள்ளியும் அக்கம்பக்கமாக இருந்தன. விலை ஒன்றுதான். கறுப்பு நல்ல கனம், மூலையில் கீறல் வேறு. ஆனால் ஒருநாளும் பாதியில் நின்றதில்லை. வெள்ளிக்கு மேலே பளபளவென்று புது ஸ்டிக்கர். உள்ளே எல்லாம் நைந்து போயிருந்தது.

மகளோடு வந்த சுகந்தி கறுப்பைத்தான் முதலில் தொட்டாள்.

"இதைத் தூக்கிட்டுப் போனா காலேஜ்ல சிரிப்பாங்கம்மா," என்றாள் மகள்.

வெள்ளி விலைபோனது. "சீக்கிரமே திரும்பி வருவே பாரு," என்றது கறுப்பு. "அப்ப என்னைத்தான் எடுப்பாங்க."

சொன்னபடியே வெள்ளி வந்தது. "அடிக்கடி நின்னு போகுதுங்க," என்றாள் சுகந்தி. கடைக்காரர் அருளப்பன் கறுப்பைக் கையில் எடுத்தார். கறுப்புக்கு மனசு குளிர்ந்தது.

"இதுக்குள்ள இருக்கறது நம்பிக்கையான சரக்கும்மா," என்றபடி அதைக் குப்புறப் போட்டு, ஸ்க்ரூக்களைக் கழற்றினார். மெமரியையும் ஹார்ட் டிஸ்க்கையும் எடுத்து வெள்ளிக்குள் வைத்தார். வெள்ளியின் பழுதெல்லாம் கறுப்புக்குள் வந்தது.

"இப்பப் பறக்குதுங்க," என்று சிரித்தாள் மகள். "இதே மாதிரி என் ஃப்ரெண்டுக்கும் ஒண்ணு வேணும்."

அவர்கள் போனதும் அருளப்பன் ஒரு வெள்ளி ஸ்டிக்கரை உரித்து, கறுப்பின் கீறல் மறையும்படி நீவி ஒட்டினார்.

அன்று புதிதாக வந்திருந்த கனத்த சாம்பல் லேப்டாப் அதை ஏற இறங்கப் பார்த்தது. "சீக்கிரமே திரும்பி வருவே பாரு," என்றது.

கறுப்பு சாம்பலின் கனத்த உடம்பைப் பார்த்தது. திரும்பி வந்தால் அடுத்து யாரைக் குப்புறப் போடுவார்கள் என்று அதற்குத் தெரியும்.