கண்ணாடியோரத்து பெஞ்சு

பெரியப்பா மையத்தின் பின்வாசல் வழியாக வந்தார். துப்புரவு ஆட்கள் வரும் வழி.

ஊரில் பாதிப் பேருக்குத் துணி கிழித்துக் கொடுத்த ஜவுளிக்கடைக்காரர், பெற்ற மகனைப் போர்வைக்குள் சுருட்டி அவள் மேஜை முன்னால் நிறுத்தினார்.

பத்தொன்பது வயது. காதுக்குள் யாரோ திட்டுகிறார்கள் என்று சாப்பாட்டை நிறுத்திவிட்டவன். இப்படி ஆரம்பிக்கும்போதே பிள்ளைகளைப் பிடித்து நிறுத்தத்தான் அந்த மையம். வருகிறவர்களோடு முதலில் பேசுவதும் நாள் குறிப்பதும் அவள் வேலை.

இன்றைக்கு ஓர் இடம் மிச்சமிருந்தது. அதை விட்டால் மூன்று வாரம்.

"ஹாஸ்டல்ல படிச்ச அக்காதானே?" என்றான் பையன். சின்ன வயதில் அவனுக்கு அப்படித்தான் சொல்லிவைத்திருந்தார்கள்.

பத்து வருஷமாக, தினமும் பல் தேய்க்கும்போது, பெரியப்பாவை அவள் மனசுக்குள் எதிர் நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்திருக்கிறாள். சொல்ல வேண்டியதும் தயார்: 'வெளிய தெரிஞ்சா கடைப் பேரு கெட்டுடும், வீட்டோட வச்சுப் பாத்துக்கலாம்.' அவர் சொன்னதுதான். அவருக்கே திருப்பிக் கொடுக்க வேண்டியது.

"எத்தனை நாளா இப்படி?"

"நாலு நாள்மா."

அவள் பேனாவை மூடினாள்.

"சரி, பத்து நாள்னு போட்டுக்கோ."

அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"ஒரு மாசம்… நாலு மாசம்."

எதிராளி வாயே திறக்காமல் பெரியப்பா பேரத்தில் ஏறிப்போனது அதுதான் முதல் தடவை.

"எங்க வச்சிருந்தீங்க?"

"கடைக்கு மேல, ஸ்டாக் ரூம்ல. காத்தோட்டமாத்தான்…" முடிக்காமல் செருப்பைப் பார்த்தார்.

பகை பெரியப்பாவோடு. பிள்ளையோடு என்ன? இன்றைய இடத்தில் அவன் பெயரை எழுதினாள்.

தயாராக வைத்திருந்ததைச் சொல்லவில்லை. அதைவிட நல்லது ஒன்று கைவசம் இருந்தது.

"முதல் தடவை பிள்ளைகிட்டத் தனியாத்தான் பேசுவோம். நீங்க வெளிய இருங்க."

"பின்னாடி ஒரு ஓரமா நிக்கறேனே."

"அங்க தரை ஈரம். வழுக்கிடப் போறீங்க. முன்னாடி பெஞ்சுல உக்காருங்க பெரியப்பா."

முன் பெஞ்சு தெருக் கண்ணாடியை ஒட்டியது. எதிரே கடைத்தெரு மொத்தமும். உட்காருகிறவர் தலைக்கு மேல், எட்டுக் கடை தள்ளியும் தெரிகிற எழுத்தில், 'இளையோர் மனநல மையம்'.

"ஒரு மணி நேரம் ஆகும்" என்றாள். நாற்பது நிமிஷ வேலை.

அதற்குள் வெளியே ஒரு நகைக்கடைக்காரர் நின்று, பலகையைப் படித்துவிட்டு, வணக்கம் வைத்தார். பெரியப்பா பதிலுக்குத் தூக்கிய கை முகத்தை விட்டு இறங்கவில்லை.

அவள் ஆசை தீரப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

பையன் விரல் மடக்கிக்கொண்டிருந்தான்.

"என்ன எண்ணுற தம்பி?"

"அந்த ரூம்ல திரையோட ஓரம் பூரா முடிச்சுக்கா. யாரு போட்டதுன்னு தெரியல. அதை எண்ணினா அந்தக் குரல் கொஞ்சம் அடங்கும். எண்பத்தேழு."

"தொண்ணூத்தொண்ணு" என்றாள். "உச்சியில நாலு இருக்கு. துணி மூட்டை மேல ஏறினாத்தான் கை எட்டும்."