பாலத்தடி மகான்

"இப்படி ஒவ்வொரு தொப்பிக்குள்ளயும் எட்டிப் பார்த்தா, போறவங்க என்னைத்தான் முறைக்கிறாங்க," என்றார் தோகுஜி.

"எதிர்ல வர்ற யாத்ரீகரைக் கும்பிட்டேன். அது தப்பா?" என்றாள் அவர் மனைவி சுமியே.

"கும்பிடுறவ தலையைக் குனியணும். நீ முகத்தையில்ல தேடுற."

சுமியே நடையைக் கூட்டினாள்.

ஷிகோகு தீவின் எண்பத்தெட்டுக் கோயில்களையும் எல்லோரும் முதலாவதிலிருந்து வரிசையாகச் சுற்றுவார்கள். இவள் மட்டும் தலைகீழாகத்தான் நடப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அம்புக்குறியெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதில், ஒரே நாளில் மூன்று முறை வழி தவறினார்கள். கேட்டால், எதிர்த்திசையில் போனால், இன்றும் இந்தப் பாதையைச் சுற்றி வரும் கோபோ மகானையே நேரில் சந்திக்கலாம் என்பது ஐதீகம் என்பாள். அவள் தேடுவது மகானை அல்ல, தம்பி யசுவோவை. அது தோகுஜிக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். வாய்தான் ஒத்துக்கொள்ளாது.

ஐந்து வருடத்துக்கு முன் அம்மா இறந்தபோது யசுவோ மீன்பிடிப் படகில் இருந்தான். தகனம் முடிந்து, அஸ்தியும் பொறுக்கிய பிறகுதான் வந்து சேர்ந்தான். "இனி என் மூஞ்சியில முழிக்காதே" என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள் அக்கா. அவனும் அவளைப் போலவே ரோஷக்காரன். முழிக்கவில்லை. வெள்ளை உடையும் தடியுமாக யாத்திரைப் பாதையையே சுற்றிச் சுற்றி வருகிறான் என்று போன மாதம் தோகுஜிதான் எங்கேயோ கேட்டு வந்து சொன்னார். தோஃபு கடையைப் பத்து நாள் மூடிவிட்டுக் கிளம்பினார்கள். இன்று ஒன்பதாம் நாள். நாளை காலை ஊருக்கு ரயில்.

இந்த ஒன்பது நாளில் சுமியேவுக்குள் என்னவோ இளகியிருந்தது உண்மை. குமா மலையில், ஆகாயத்தை மறைத்த தேவதாரு மரங்களுக்கு நடுவே, செங்குத்தான பாறையோடு ஒட்டிக்கொண்டு நின்ற கோயிலைப் பார்த்ததும் தன்னையறியாமல் கைகூப்பினாள். உச்சிகோவின் பழைய வீதியில், முன்பின் தெரியாத மெழுகுவர்த்திக் கடைக்காரர் ஓடி வந்து சோற்றுருண்டையும் பழமும் கொடுத்தார். கொடுத்துவிட்டு அவரே அவளைக் கும்பிட்டார். யார் யாரோ ஆயிரம் வருஷமாக நடந்து தேய்த்த பாதையில் நானும் நடக்கிறேனே என்று அங்கேயே நின்று அழுதாள்.

"ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். தம்பி முன்னால வந்து நின்னா என்ன சொல்லுவ?" என்றார் தோகுஜி.

"யாரு அவனைத் தேடுறா?"

"சரி, தேடல. வந்து நின்னா?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேன். வேணும்னா அவன் பேசட்டும்."

"முழிக்காதேன்னவ நீ. வான்னு நீதான் சொல்லணும்."

"மழை வர்ற மாதிரி இருக்கு. நடங்க."

ஓசு நகரம் நெருங்கியது. பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் தோகுஜி நின்றார். "பெரிய பாலம் வேண்டாம், ஒரே வண்டியா இருக்கும். வயல் வழியா ஒரு சின்னப் பாலம் இருக்கு."

மரப்பாலம் வந்ததும் சுமியே தடியைத் தரையில் படாமல் தூக்கிக்கொண்டு அடிமேல் அடி வைத்தாள். தங்க இடம் கேட்ட மகானுக்கு இந்தப் பக்கத்தில் ஒருவரும் கதவு திறக்காததால், குளிரில் ஒரு பாலத்தடியில் படுத்தாராம். இன்னும் ஏதோ ஒரு பாலத்தடியில் தூங்குகிறார் என்று எந்தப் பாலத்திலும் யாரும் தடி ஊன்றுவதில்லை. சாமியை நம்பாத தோகுஜிகூட இத்தனை நாளும் தூக்கிக்கொண்டுதான் வந்தார்.

இன்று பாலத்தின் நடுவில் நின்று, டொக், டொக், டொக் என்று மூன்று முறை ஊன்றினார்.

சுமியேவின் முகம் வெளுத்தது. "என்ன பண்றீங்க?"

"கை வலிக்குது. எத்தனை பாலத்துக்குத்தான் தூக்குறது?" மறுபடியும் டொக், டொக், டொக்.

அவள் அப்படியே மண்டியிட்டாள். கைப்பிடிக் கட்டையைப் பற்றிக்கொண்டு கீழே பார்த்துக் கும்பிட்டாள்.

"மகானே, இந்த மனுஷனை மன்னிச்சிடுங்க. தூக்கத்தைக் கெடுத்துட்டார். தண்டிக்கிறதுன்னா என்னைத் தண்டிங்க. அவரைவிடப் பெரிய பாவம் நான் பண்ணியிருக்கேன்." அதோடு நிறுத்திக்கொண்டாள்.

"பாதியில நிறுத்தாதே," என்றார் தோகுஜி மெதுவாக. "அவர் கேட்டுக்கிட்டுத்தான் இருப்பார்."

"எந்தம்பியை வாசல்லயே விரட்டிட்டேன். நடுக்கடல்ல இருந்தவன் எப்படி வருவான்? அது தெரிஞ்சேதான் விரட்டினேன். என் அழுகையை யார் மேலயாவது கொட்டணும்னு இருந்துச்சு. இப்ப எங்க படுக்கிறானோ, என்ன சாப்பிடுறானோ. அவனை ஒரு தடவை கண்ணுல காட்டுங்க. நானே கையைப் பிடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

பாலத்தடியில் நாணல் சரசரத்தது. வெள்ளை உடையில் ஓர் உருவம் எழுந்து தண்ணீரோரம் வந்து நின்றது. சுமியேவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஏறிட்டுப் பார்க்கத் துணிவில்லாமல் நெற்றியைப் பலகையில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"மூணு தட்டு தட்டினதும், அக்கா என்ன சொல்றான்னு காது குடுத்துக் கேளுன்னுதானே மாமா சொன்னீங்க," என்றது கீழிருந்து ஒரு தழுதழுத்த குரல். "அப்புறம் எதுக்கு ஆறு?"