பட்டை பழுதான பகல்

குழந்தையின் கையில் ஒட்டிய மின்னணு மருந்துப்பட்டை காய்ச்சலை அளந்து, ஏறுமுன்பே அடக்கிவிடும். அதனால் மூன்று வயது மகள் ஷெரினின் உடம்பு சுட்டு பெனிட்டா அறிந்ததே இல்லை. அன்று காலை பட்டை பழுதானது. குழந்தையின் நெற்றி அனலாய்க் கொதித்தது. பெனிட்டா பதறிப்போய் டாக்டரைத் திரையில் அழைத்தாள்.

"எத்தனை டிகிரின்னே தெரியலையே டாக்டர்!"

"அத விடுங்கம்மா, புள்ளையப் பாருங்க. தண்ணி குடிக்கிறாளா? ஒண்ணுக்குப் போறாளா? கூப்பிட்டா பாக்குறாளா?"

"எல்லாம் சரியா இருக்கு."

"அப்ப பயப்படாதீங்க. பக்கத்துலயே இருங்க. துவண்டு போனா உடனே தூக்கிட்டு வாங்க."

பெனிட்டா வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டு, பகல் முழுவதும் மகளை மடியிலேயே வைத்திருந்தாள். மாலையில் காய்ச்சல் தணிந்தது. புதுப் பட்டையும் வந்து சேர்ந்தது. ஷெரின் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"வேணாம்மா. நாளைக்கும் காய்ச்சல் வரட்டும்."