புனிதருக்குப் பின்னால்

"அப்பா, இந்த வண்டிக்கு உங்களைத் தவிர வேற யாரையுமே பிடிக்காதா?" என்று ஆறு வயதில் ராலிட்சா கேட்டாள். மெதோடி விழுந்து விழுந்து சிரித்தார். "ஆமாண்டி தங்கம். இது ரொம்ப ரோஷக்கார வண்டி."

இன்று அதே ராலிட்சா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். இஞ்சின் கரகரவென்று சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, பற்றிக்கொள்ளவில்லை. பின்சீட்டில் சாய்த்து வைக்கப்பட்டிருந்த மெதோடிக்கு வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. வலது கை துவண்டு கிடந்தது.

ஆம்புலன்ஸ் கணவாய்க்கு அந்தப் பக்கம் போயிருந்தது. "காத்திருக்காதீங்க, நீங்களே கொண்டு வந்துடுங்க. சீக்கிரம் வந்தா பேச்சு திரும்பும். லேட்டானா என் கையில இல்லை" என்று டாக்டர் போனில் சொல்லிவிட்டார். எலியா தீர்க்கதரிசியின் திருநாள். ரொடோபி மலையுச்சிச் சிற்றாலயத்தில் ஆட்டுக்கறி வேகிறதென்று ஊரே இருந்த வண்டிகளில் ஏறிப் போய்விட்டது.

முழங்கால் வலியால் தங்கிவிட்ட பக்கத்து வீட்டுக் குனா அத்தை மட்டும் செம்புக் குடத்தில் தண்ணீரோடு நின்றாள். வண்டி கிளம்பும்போது வழியில் ஊற்ற வேண்டும். பயணம் தண்ணீர்போல் தடையின்றி ஓடும் என்பது ஊர் நம்பிக்கை.

"கை கடுக்குதுடி. கிளம்புறியா, இல்ல செடிக்கு ஊத்திடட்டுமா?"

"நான் என்ன வேணும்னா உக்காந்திருக்கேன் அத்தே?"

மெதோடிக்குக் காரணம் தெரியும். வண்டித் திருட்டு மலிந்திருந்த நாட்களில், டாங்கிலிருந்து பெட்ரோலை இஞ்சினுக்கு அனுப்பும் பம்பின் ஒயருக்கு நடுவே அவர் ஒரு சின்ன சுவிட்ச் வைத்திருந்தார். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் புனித நிக்கோலாவின் படத்தைக் கதவுபோல் மேலே தூக்கலாம். அதன் பின்னால் சுவிட்ச். இறங்கும்போதெல்லாம் அணைத்துவிடுவார். அந்தத் தைரியத்தில் சாவி எப்போதும் வண்டியிலேயே தொங்கும். வீட்டில் ஒருவரிடமும் அவர் இதைச் சொன்னதில்லை.

சொல்ல இப்போது வாயெடுத்தார். "ஊ... ஊ..." என்றுதான் வந்தது. இடது கையை மெல்ல உயர்த்திப் படத்தைக் காட்டினார்.

ராலிட்சாவின் கண்கள் நிறைந்தன. "சரிப்பா, வேண்டிக்கிறேன்பா." சிலுவைக்குறி போட்டுக்கொண்டு, குனிந்து புனிதரை முத்தமிட்டாள். அவளுடைய உதட்டுக்கும் சுவிட்சுக்கும் நடுவே ஒரு விரற்கடைகூட இல்லை.

மெதோடி மறுபடியும் காட்டினார்.

"அவரும் முத்தம் குடுக்கணும்னு கேக்குறாருடி" என்றாள் குனா அத்தை. "எடுத்துக் கிட்ட காட்டேன்."

"அது வராது அத்தே, ஒட்டியிருக்கு." ராலிட்சா விரல் நுனியைப் புனிதரின் மேல் வைத்து, அதைக் கொண்டுவந்து அப்பாவின் உதட்டில் ஒற்றினாள். மெதோடியின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பக்தி என்று நினைத்துக்கொண்டு அவள் மறுபடியும் சாவியைத் திருப்பினாள். இஞ்சின் சுற்றும் சத்தம் சோர ஆரம்பித்திருந்தது.

"பேட்டரியைக் கொன்னுடாத, தாயி."

கோயில் மணியடிக்க ஊரில் தங்கிவிட்ட ஸ்டோயில், இஞ்சின் சத்தம் கேட்டு மூச்சிரைக்க வந்து நின்றார். அதிகம் பேசாத ஆள். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து மேட்டில் நடந்து போகிறவரை, மெதோடி வண்டியை நிறுத்திக் கூப்பிடுவார். "உங்க வண்டியில நான் ஏறக் கூடாதுண்ணே" என்று தொப்பியைக் கழற்றிவிட்டு அவர் நடையைக் கட்டுவார். மணியடிக்கிறவனுக்கு இவ்வளவு கர்வமா என்று மெதோடி நினைத்ததுண்டு.

"சாவியை லேசாத் திருப்பி நிறுத்து. இஞ்சின் சுத்த வேண்டாம்." ஸ்டோயில் பின்சீட்டுக்கு அடியில் காது கொடுத்துக் கேட்டார். "பம்பு சத்தமே இல்லை. பெட்ரோல் வரலை."

"முள்ளு பாதி டாங்க் காட்டுதே, மாமா."

"டாங்க்ல இருக்கும்மா. இஞ்சினுக்கு வரலை." நிமிர்ந்து அவர் இருவரையும் பார்த்தார். "அப்பா சாப்பிடுற மாத்திரையெல்லாம் எடுத்துட்டு வா, டாக்டர் கேப்பாரு. அத்தே, நீங்க போய் கேட்டை அகலமாத் தொறந்து வைங்க."

ராலிட்சா வீட்டுக்குள் ஓடினாள். குனா அத்தை குடத்தோடு கேட்டைப் பார்த்து நொண்டிப் போனாள்.

ஸ்டோயில் முன்சீட்டில் உட்கார்ந்தார். அவர் கை எங்கும் துழாவவில்லை. சிலுவைக்குறி போட்டுவிட்டு நேராகப் போய்ப் புனிதரின் படத்தை மேலே தூக்கியது, சுவிட்சைத் தட்டியது. பின்னால் பம்பு முனகிற்று. சாவியைத் திருப்பினார். இஞ்சின் பற்றிக்கொண்டது.

மெதோடி ஸ்டோயிலின் கையையே பார்த்தார். அந்தப் படத்தை அவர் ஒரே ஒருவன் எதிரில்தான் தூக்கியிருக்கிறார். பனி கொட்டிய ஒரு விடியலில், இதேபோல இஞ்சின் வீணாகச் சுற்றும் சத்தம் கேட்டுக் கோடாரியோடு ஓடியிருந்தார். ஸ்டியரிங்கில், முகத்தைக் கம்பளித் துண்டால் சுற்றிய ஒரு திருடன். பக்கத்து சீட்டில், போர்வைக்குள் மூச்சுக்குத் தவிக்கும் ஒரு குழந்தை. ஒன்றுமே கேட்காமல் சுவிட்சைத் தட்டிவிட்டு அவர் வீட்டுக்குள் போய்விட்டார். மறுநாள் வண்டி கழுவித் துடைத்து வாசலில் நின்றது. கொண்டுவந்து விட்டவன் யாரென்று அவர் யாரிடமும் விசாரிக்கவில்லை.

படிக்கட்டில் ராலிட்சாவின் காலடி கேட்டது. ஸ்டோயில் அவசரமாக இறங்கி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, பின்சீட்டில் கிடந்தவரின் காதோரம் குனிந்தார்.

"குழந்தை பொழைச்சுக்கிச்சுண்ணே. அன்னைக்கு மூஞ்சியைக் காட்டத்தான் எனக்குத் தைரியம் வரலை."