ஞாயிற்றுக்கிழமை மோட்டார்

"இந்தச் சனியன் இன்னிக்கோட தொலையுது அத்தை. இனிமேலாச்சும் நம்ம வூட்டுக்கு நல்ல காலம் பொறக்கட்டும்" என்றாள் செங்கமலம். எதிரில் இருந்த மாமியாருக்குக் கேட்க வேண்டியதைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

சனியன் என்று அவள் சொன்னது வைக்கோல் கொட்டகையில் நின்ற பழைய மோட்டாரை. கப்பலேறி ஊருக்குப் போன ஒரு பிரெஞ்சுத் துரையிடமிருந்து அவள் புருஷன் உலகநாதன் அதை வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. ஒதியம்பட்டில் அது ஓடிப் பார்த்தவர்களைவிட, வண்டிக்காரப் பக்கிரியின் மாடுகள் அதை இழுத்துவரப் பார்த்தவர்களே அதிகம்.

"மோட்டார எடுத்தா ஒரு நாள் முன்னாடியே சொல்லிடுப்பா. மாட்டுக்குத் தீனி கொஞ்சம் கூடப் போடணும்" என்று பக்கிரி கிண்டல் செய்வான்.

உலகநாதன் அதற்கெல்லாம் அசரமாட்டான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துவிடுவான். ஒவ்வொரு சாமானாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, மறுபடியும் பூட்டுவான். ஸ்பானர் எடுத்துக் கொடுக்கச் செங்கமலம் பக்கத்தில் குந்தியிருப்பாள்.

"நாலு வண்டி வைக்கல் போடற எடத்த அடச்சிக்கினு நிக்குது. அதுக்கு ரெண்டு ஆளு சேவகம் வேற!" என்று மாமியார் தையலம்மாள் புலம்பாத நாள் இல்லை. நெல் குதிர் அறையிலிருந்து ஊறுகாய் அலமாரி வரைக்கும் அந்த வீட்டுச் சாவி அத்தனையும் அவள் இடுப்பில்தான் தொங்கும். அவள் விற்கச் சொன்னால் விற்றுத்தான் ஆகவேண்டும்.

அம்மா சொன்னதுகூட உலகநாதனுக்கு வலிக்கவில்லை. செங்கமலமும் கூடச் சேர்ந்துகொண்டு, "அத்தை சொல்றதுதாங்க சரி, வித்துடுங்க" என்றதுதான் வலித்தது.

பதினாலு பேர் இருக்கிற வீடு. பெரியவர்கள் எதிரில் பெண்டாட்டியோடு நின்று நாலு வார்த்தை பேச முடியாது. மோட்டாருக்கு அடியில் படுத்துக்கொண்டு பேசினால் மட்டும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அங்கேதான் அவர்கள் சிரித்தார்கள், சண்டை போட்டார்கள், சமாதானமும் ஆனார்கள். பொறி எங்கே பிறக்கிறது, பெட்ரோலை அளந்து விடும் மிதவை எங்கே இருக்கிறது என்றெல்லாம் அவன் சொல்ல, அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். அதெல்லாம் அவளுக்கு ஒன்றுமே இல்லையா?

மத்தியானம் மோட்டாரை விலைபேச சுப்பராயலு வந்தார். புதுச்சேரியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். வில்லியனூர் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கி, மாட்டுவண்டியில் குலுங்கிக் குலுங்கி வந்து சேர்ந்திருந்தார். மோட்டாரை நான்கு பக்கமும் சுற்றிவந்து, முன்விளக்கைத் தட்டிப் பார்த்து, மெத்தையில் உட்கார்ந்தும் பார்த்தார்.

"கெளப்புங்க முசே. கெளம்பிச்சின்னா இப்பவே ஓட்டிக்கினு போயிடறேன்" என்றார். புதுச்சேரிக்காரர்களுக்கு 'ஐயா'வுக்குப் பதில் பிரெஞ்சு 'முசே'தான்.

செங்கமலம் அவருக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். நீட்டும்போது அவள் முந்தானை முடிச்சு சொம்பில் பட்டு 'ணங்'கென்றது. அவள் சட்டென்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மாமியாருக்குப் பின்னால் போய் நின்றாள்.

உலகநாதன் முன்பக்கம் கைப்பிடியைச் செருகிச் சுற்றினான். மோட்டார் ஒரு முக்கல்கூட முக்கவில்லை. பத்துச் சுற்று, இருபது சுற்று. நானும் பார்க்கிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுப்பராயலுவும் சுற்றினார். அவர் தலைப்பாகைதான் அவிழ்ந்தது.

"பெட்ரோல் நாத்தம் மூக்கைத் தொளைக்குது, உசுரு மட்டும் வரமாட்டேங்குதே!" என்று மூச்சு வாங்கினார். "நமக்கு வாணாம் முசே. சோத்தத் தின்னுட்டு எடத்த வுட்டு நவுராம இருக்கறதுக்கு எங்க வூட்ல ஏற்கெனவே ஒரு மச்சான் கீறாரு."

மாலை ரயிலைப் பிடிக்க அவர் மறுபடியும் மாட்டுவண்டியில் ஏறினார். தையலம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"விக்கறதுக்குக்கூட ஒதவாத வண்டிய எங்கடா புடிச்ச? போவட்டும், தையில வேற ஆளப் பாக்கலாம்" என்று சாவிக்கொத்து குலுங்க உள்ளே போனாள்.

கொட்டகையில் இப்போது இருவர் மட்டும். உலகநாதன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வேட்டி மடிப்பிலிருந்து சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பித்தளைத் துண்டை எடுத்தான். பொறி பிறக்கிற இடத்தில் இருக்கவேண்டிய துண்டு அது. விடிந்ததுமே கழற்றி ஒளித்துவைத்திருந்தான்.

"நீ திட்டினாலும் பரவால்ல புள்ள. என்னால இத்த விக்க முடியாது" என்றான். "இப்பப் பாரு, ஒரே சுத்துல கெளம்பும்."

செங்கமலம் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அவன் துண்டை அதன் இடத்தில் மாட்டினான். கைப்பிடியைச் சுற்றினான். கிளம்பவில்லை. இன்னொரு சுற்று. ம்ஹூம்.

அவன் முகம் வெளுத்தது. பொய்யாகக் கெடுக்கப் போய் நிஜமாகவே கெட்டுவிட்டதா? மூடியைத் தூக்கினான், கம்பிகளை இழுத்துப் பார்த்தான், அடியில் படுத்துப் பார்த்தான். ஒன்றும் புரியவில்லை. போயும் போயும் தன் கையாலேயே வண்டியைக் கொன்றுவிட்டோமே என்று அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

செங்கமலம் வீட்டுப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். பிறகு அவன் பக்கத்தில் வழக்கமான இடத்தில் குந்தி, முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளேயிருந்த பித்தளை மிதவையை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"இத்தையும் போட்டாத்தான் கெளம்பும்."