எந்தப் பெயருக்கும் எழாதவள்

அரசவையில் கட்டியக்காரர் மூன்றாம் முறையாக, "ஆட்டுமந்தையார்" என்று கூவினார். மலைக்காரர்களின் தூதாக வந்திருந்த இறலி இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. பெயர் கூப்பிட்டதும் எழுந்துபோய் உடன்படிக்கையில் கைநாட்டு வைத்தால் ஒன்பது வருடப் போர் முடிந்துவிடும். ஆனால் அது யார் வைத்த பெயர்? கோட்டைக்காரர்கள் வைத்தது. அதே மலைச்சனத்தைக் கடற்கரையார் முள்வாயர் என்பார்கள், காட்டார் பேய்க்காற்று என்பார்கள். அடுத்தவருக்குப் பெயர் வைப்பதில் யாருமே கஞ்சத்தனம் காட்டுவதில்லை.

"உங்க சனத்தோட பேருதான் என்னம்மா? சொல்லுங்க, அப்படியே கூப்பிடறேன்," என்றார் கட்டியக்காரர்.

இறலி உதட்டைக் குவித்துச் சீழ்க்கையடித்தாள். நீண்டு ஏறி, சட்டென்று இறங்கியது அந்தப் பெயர். அந்தச் சபையில் சீழ்க்கையடித்தால் சவுக்கடி. காவலர்கள் அரசரைப் பார்த்தார்கள். அரசர் கட்டியக்காரரைப் பார்த்தார். அவரும் முயன்றார், முன்பல் இரண்டும் போன வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது.

அரசர் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு விரலை வாயில் விட்டு ஊதினார்.

இறலி இல்லையென்று தலையசைத்தாள். "கிட்டத்தட்ட வந்துட்டீங்க. கடைசியில இன்னும் கொஞ்சம் இறக்கணும்."

அரசர் எச்சிலைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஊதினார். இந்த முறை ஒலி ஏறி, இறங்கி, சாளரம் வழியே வெளியே போயிற்று.

இறலி எழுந்தாள். கோட்டைக்கு எதிரே, மலைச்சரிவில் விடிந்ததிலிருந்து உட்கார்ந்திருந்த அவள் சனம் மொத்தமும் எழுந்து நின்றது.